கரையிலிருந்து நீந்திப் போகும் தூரத்தில் ஒரு கப்பல்

புதுச்சேரியிலோ அந்தமானிலோ ஓப்பன் வாட்டர் டைவிங் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "மூழ்கின கப்பல் ஒண்ணு பாக்கணும். இப்பவே போகலாமா, இல்ல இன்னும் நிறைய டைவ் போட்ட பிறகுதான் போகணுமா?"

இப்போதே போகலாம். ஆனால் எந்தக் கப்பல் என்று பார்த்துப் போக வேண்டும். படகில் நெடுந்தூரம் போய், கயிற்றைப் பிடித்து 40 மீட்டர் இறங்கி, நீரோட்டத்தோடு மல்லுக்கட்டிப் பார்க்கிற கப்பல்கள் நிறைய உண்டு. அவை பிறகு. முதல் கப்பலுக்கு நான் கைகாட்டுவது இந்தோனேசியாவின் பாலித் தீவில், வடகிழக்குக் கரையில், துலம்பென் என்கிற சின்ன ஊரில் கிடக்கும் லிபர்ட்டியை.

ஏன் என்பதற்குச் சில எண்கள் போதும். கப்பல் கிட்டத்தட்ட 120 மீட்டர் நீளம். கரையிலிருந்து ஏறக்குறைய 30 மீட்டர் தொலைவில், கரைக்கு இணையாக, ஒருக்களித்துச் சரிவில் கிடக்கிறது. அதன் மேட்டுப் பகுதிகள் 5 மீட்டர் ஆழத்திலேயே தொடங்கிவிடுகின்றன. ஆழமான விளிம்பு 30 மீட்டரை நெருங்கும். படகு வேண்டாம். நீந்தத் தெரிந்தவர் ஒரு ஸ்நார்க்கெல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு மேலே மிதந்தபடியே கப்பலின் ஒரு பகுதியைப் பார்த்துவிடலாம். ஓப்பன் வாட்டர் சான்றிதழுக்கான எல்லை 18 மீட்டர். அந்த எல்லைக்குள்ளேயே ஒரு முழு டைவுக்கு வேண்டியதைவிட அதிகமான கப்பல் இருக்கிறது.

இவ்வளவு வசதியான இடத்துக்கு அது எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டு இறங்கினால், கீழே பார்ப்பது வேறு விதமாக இருக்கும். அதனால் அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். சில வழிகாட்டிகளும் பல இணைய தளங்களும் இதை "லிபர்ட்டி வகைக் கப்பல்" என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா ஆயிரக்கணக்கில் அவசர அவசரமாகக் கட்டித் தள்ளிய அந்த வகையில் முதல் கப்பல் நீரில் இறங்கியது 1941 செப்டம்பரில். நம் லிபர்ட்டி அதற்கு 23 ஆண்டுகள் மூத்தது. நியூ ஜெர்சி மாநிலத்தின் கியர்னியில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் 1918இல் கட்டப்பட்டது. முதல் உலகப்போரின் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கடற்படைக்குச் சரக்கு சுமந்தது, பிறகு வணிகக் கப்பலாக ஓடியது, 1940இல் அமெரிக்க ராணுவத்தின் கைக்குப் போனது. பெயர் ஒன்றாக இருப்பதால் வந்த குழப்பம்தான். நீருக்கடியில் இதற்குச் சாட்சியும் உண்டு. தகடுகளின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் வரிசையாக ரிவெட் ஆணிகளின் குமிழ்கள் தெரியும். போர்க்கால லிபர்ட்டி வகைக் கப்பல்கள் பெரும்பாலும் வெல்டிங் செய்து ஒட்டப்பட்டவை.

1942 ஜனவரி 11. பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ரயில்பாதை உதிரிகளையும் ரப்பரையும் ஏற்றிக்கொண்டு பிலிப்பைன்ஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது லிபர்ட்டி. பாலிக்கும் லொம்போக் தீவுக்கும் இடையே உள்ள நீரிணைக்குத் தென்மேற்கில் ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி டார்பிடோவால் அதை அடித்தது. ஐ-166 என்று புத்தகங்களில் வரும் அந்த நீர்மூழ்கிக்கு அப்போது ஐ-66 என்றுதான் பெயர். அதே ஆண்டில் பின்னால் எண் மாற்றினார்கள்.

அடிபட்ட கப்பல் உடனே மூழ்கவில்லை. அமெரிக்க நாசகாரிக் கப்பல் பால் ஜோன்ஸும் டச்சு நாசகாரி வான் கெண்டும் அதைக் கயிறு கட்டி இழுத்தன. பாலியின் வடகரையில், அன்றைய டச்சு நிர்வாகத்தின் மையமாக இருந்த சிங்கராஜாத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்பது திட்டம். கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. சிங்கராஜா வரை தாங்காது என்று தெரிந்ததும், சரக்கையாவது காப்பாற்றலாம் என்று வழியிலேயே துலம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். மாலுமிகள் அதற்குள் இறக்கப்பட்டிருந்தார்கள்.

இழுத்து வந்த வான் கெண்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் சற்றே தாண்டியிருந்தது. சுமத்ராவுக்குக் கிழக்கே உள்ள கடலில் அதுவே பவளப்பாறையில் மோதி நின்றது. எதிரி கையில் சிக்கக் கூடாது என்று டச்சுக்காரர்களே அதை அழித்தார்கள். பிப்ரவரி பிற்பாதியில் ஜப்பானியப் படை பாலியில் இறங்கிவிட்டது. டார்பிடோ போட்ட நீர்மூழ்கி 1944 ஜூலையில் மலாக்கா நீரிணையில் பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஒன்றால் மூழ்கடிக்கப்பட்டது. இத்தனை கலன்களில், அடிபட்டு இழுத்து வரப்பட்ட இந்தச் சரக்குக் கப்பலைத்தான் இன்று யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்க முடிகிறது.

அடுத்த 21 ஆண்டுகள் லிபர்ட்டி கடற்கரையில்தான் கிடந்தது. நல்ல இரும்பு, செம்பு, மரம், கழற்ற முடிந்த எல்லாவற்றையும் ஊர்க்காரர்கள் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். கழற்றியதும் நல்லதாகவே முடிந்திருக்கிறது. எண்ணெயும் வெடிபொருளும் நிறைந்து மூழ்கிய போர்க் கப்பல்களில் உள்ள ஆபத்துகள் இதில் இல்லை. உள்ளே வெறும் கூடு.

1963இல் அகூங் எரிமலை வெடித்தது. துலம்பெனில் நின்று கரைக்கு முதுகு காட்டினால் கண்ணெதிரே நிற்பது அந்த மலைதான், 3,000 மீட்டருக்கு மேல். பிப்ரவரியில் புகையத் தொடங்கி, மார்ச் 17இலும் மே 16இலும் பெருவெடிப்புகள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைச்சரிவில் உள்ள பெசாக்கித் தாய்க்கோயிலில் நூறாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏக தச ருத்ர வேள்வி அந்த மாதங்களில்தான் நடந்துகொண்டிருந்தது. எரிமலைக் குழம்பு கோயிலைத் தொடாமல் விலகி ஓடியதைப் பாலி மக்கள் இன்றும் பக்தியோடு சொல்கிறார்கள். துலம்பென் பக்கம் அந்த வெடிப்பின் அதிர்வுதான் கரையில் கிடந்த கப்பலை உருட்டிக் கடலுக்குள் தள்ளியது. மலை உடைத்துப் போட்ட கூடு, மலையே கொட்டிய கறுப்பு மணல்மீது இன்றுவரை கிடக்கிறது.

ஆக, இந்தக் கப்பல் கடலில் மூழ்கியதல்ல; கரையிலிருந்து சரிந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கிடப்பதும், கரைக்கு இணையாகக் கிடப்பதும், ஆழம் படிப்படியாகக் கூடுவதும் அதனால்தான்.

சரி, இறங்குவோம்.

துலம்பென் கரையில் மணல் கிடையாது. முழுக்க முழுக்க கறுப்பு உருண்டைக் கற்கள், முஷ்டி அளவிலிருந்து தலை அளவு வரை. ஒவ்வொரு அலை பின்வாங்கும்போதும் கற்கள் உருளும் சத்தம் ஊருக்குள்ளேயே கேட்கும். என்னைக் கேட்டால் இந்த டைவிலேயே கஷ்டமான பகுதி இந்த முதல் பத்தடிதான். வெறுங்காலோடு இறங்கவே கூடாது. கெட்டியான அடிப்பாகம் உள்ள டைவிங் பூட்ஸும், அதன்மேல் மாட்டுகிற பின்பட்டை ஃபின்ஸும் வேண்டும். கடையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபின்ஸைக் கையில் பிடித்தபடி, பி.சி.டி. என்கிற காற்றுச் சட்டையில் கொஞ்சம் காற்றை நிரப்பி, ரெகுலேட்டரை வாயில் வைத்து, மாஸ்க்கை மாட்டி, இரண்டு பெரிய அலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டும். வழிகாட்டி சொன்னதும் நிற்காமல் நெஞ்சளவு தண்ணீருக்கு நடந்துவிட்டு, அங்கே மிதந்தபடி ஃபின்ஸை மாட்டலாம். அலை உடையும் இடத்தில் நின்று யோசிப்பதுதான் ஆபத்து.

உங்கள் சிலிண்டர் உங்களுக்கு முன்பே கரைக்கு வந்திருக்கும். அதைச் சுமந்து வருபவர்கள் துலம்பென் ஊர்ப் பெண்கள். நாம் சமதளத்திலேயே தடுமாறுகிற அந்தக் கற்களின்மேல், தலையில் ஒரு துணிச்சும்மாடு, அதன்மேல் சிலிண்டரும் பி.சி.டி.யும், சில சமயம் இரண்டு சிலிண்டர். பதினைந்து கிலோவுக்குக் குறையாத எடை ஒவ்வொன்றும். அங்கே பெரியவர்களான பெண்களை 'ஈபு' என்று கூப்பிடுவார்கள். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள், முகம் மலர்ந்துவிடும். சுமைகூலியை ஒழுங்குபடுத்த அவர்களுக்கென்று ஊரில் ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. எரிமலைக் கற்கள் நிறைந்த வறண்ட பூமி அது, பாலியின் தென்பகுதியைப் போலப் பச்சை வயல்கள் அங்கே இல்லை. கப்பலைப் பார்க்க வருகிறவர்களின் பணம் அந்த வீடுகளுக்குப் போகிறது. 2017இல் அகூங் மறுபடி குமுறியபோது மலையைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். டைவிங் நின்றதும் துலம்பெனில் அடுப்பெரிவது எவ்வளவு கடினமாயிற்று என்பதை அங்குள்ளவர்கள் இன்னும் மறக்கவில்லை. கரையில் உங்கள் பொருளைத் தூக்கியவருக்குக் கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தலை நீருக்குள் போனதும் முதலில் தெரிவது கறுப்பு மணல் சரிவு. மூன்று நான்கு மீட்டர் ஆழம். நேராகக் கப்பலைத் தேடிப் பாயாமல், இந்த இடத்தில் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். ஏனென்று சொல்கிறேன்.

ஆழம் குறைந்தால் எல்லாமே சுலபம் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். காற்றின் விஷயத்தில் அது சரி. நைட்ரஜன் விஷயத்திலும் சரி: நாம் படித்த அட்டவணைப்படி 18 மீட்டரில் தங்கக்கூடிய அதிகபட்ச நேரம் 56 நிமிடம், 12 மீட்டரிலோ 147 நிமிடம், அவ்வளவு நேரம் தங்குவதற்குச் சிலிண்டரில் காற்றே இருக்காது. ஆனால் நீரில் மேலும் கீழும் போகாமல் ஒரே மட்டத்தில் நிற்பது ஆழம் குறையக் குறையக் கடினமாகிறது. 15 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு ஏறினால் பி.சி.டி.க்குள் உள்ள காற்று கால் பங்குதான் பெருகும். அதே ஐந்து மீட்டரை, 5 மீட்டரிலிருந்து மேற்பரப்பு வரை ஏறினால், ஒன்றரை மடங்காகிவிடும். அதனால்தான் ஆழமில்லாத இடத்தில் புதியவர் ஒருவர் லேசாக மேலே எழும்பினால் போதும், காற்று பெருகி, இன்னும் வேகமாக எழும்பி, தலை வெளியே வந்துவிடுகிறது. லிபர்ட்டியில் அடிக்கடி நடப்பது இதுதான். அந்த மணல் சரிவில் நின்று, மூச்சை இழுக்கும்போது உடல் மெல்ல எழுவதையும் விடும்போது மெல்லத் தாழ்வதையும் கவனித்து, பட்டையில் எடை கூடுதலா குறைவா என்று பார்த்துச் சரிசெய்துகொண்டால், மீதி டைவ் முழுக்கக் கைகள் சும்மா இருக்கும், கண்கள் வேலை செய்யும்.

அந்த ஐந்து நிமிடம் வீணாகவும் போகாது. மணலில் தோட்ட விலாங்குகள் உடம்பின் பாதியைக் குழிக்குள் வைத்துக்கொண்டு, மீதியை நிமிர்த்தி ஆடிக்கொண்டிருக்கும். நெருங்கினால் அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அசையாமல் மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டிருந்தால் திரும்ப வெளியே வரும். மிதவையைக் கட்டுக்குள் வைத்திருக்கிறீர்களா என்பதை இந்த விலாங்குகளைவிட நன்றாகச் சொல்லும் ஆசிரியர் இல்லை.

பிறகு கப்பல். சினிமாவில் பார்த்த கப்பலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். பாய்மரமும் சுக்கானும் நிமிர்ந்து நிற்கும் உருவம் அங்கே இல்லை. புதுச்சேரியில் பயிற்சி முடித்த என் தங்கையை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மேலே வந்ததும் அவள் சொன்னது: "அண்ணா, முதல்ல ஒரு பெரிய பவளப்பாறைன்னுதான் நினைச்சேன். அப்புறம் ஒரு இடத்துல நேர்கோடு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் பாத்த எடமெல்லாம் கப்பலா இருந்துச்சு."

இதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது. கடல் எதையும் நேர்கோட்டில் வளர்ப்பதில்லை. பவளமும் கடற்பஞ்சும் கடல்விசிறியும் மூடிய மேட்டில் ஒரு நேர்கோடு, ஒரு செங்கோணம், ஒரே இடைவெளியில் வரிசையாக நிற்கும் சட்டங்கள் எதையாவது கண்டுவிட்டால், அது மனிதக் கை செய்தது. அந்த வரிசை கப்பலின் விலாச் சட்டங்கள். அகலமான செவ்வகத் திறப்பு சரக்கு அறையின் வாய். கப்பல் ஒருக்களித்துக் கிடப்பதால் தரை சுவராகவும் சுவர் கூரையாகவும் மாறியிருக்கிறது. தலையைச் சாய்த்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும். நடுப்பகுதி மிகவும் உடைந்து சிதறியிருக்கிறது. அங்கே நிறையப் பேர் ஒன்றும் புரியாமல் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். நான் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்பேன். மேல்தளம் விழுந்து, உள்ளே இருந்தது வெளியே வந்து, எது எதன்மேல் சரிந்தது என்பதை அடுக்கடுக்காகப் படிக்க முடிகிற இடம் அதுதான்.

ஒரு சிறிய டார்ச் எடுத்துப் போங்கள், பகலிலும். ஆழம் கூடக் கூடத் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டரில் கப்பல் முழுக்க நீலமும் சாம்பலுமாகத்தான் தெரியும். அந்தச் சாம்பல் மேட்டில் டார்ச் அடித்தால் கடற்பஞ்சுகள் குங்குமச் சிவப்பில் இருப்பது தெரியும். விளக்கை நகர்த்தினால் மீண்டும் சாம்பல். என் தங்கை கிட்டத்தட்ட ஒவ்வொரு சட்டத்திலும் அடித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மீன்கள் பற்றித் தனியாகவே எழுதலாம். பெருங்கண் பாறை மீன்கள் நூற்றுக்கணக்கில் ஒரு பெரிய வளையமாகக் கப்பலின் மேல் சுற்றிக்கொண்டிருக்கும். மெதுவாகப் போனால் உங்களையும் உள்ளே விட்டுச் சுற்றும். பெரிய சீலா ஒன்றிரண்டு நிழலில் அசையாமல் நிற்கும். ஆனால் லிபர்ட்டிக்கென்றே வருகிறவர்கள் தேடுவது கூம்பு நெற்றியுடைய பெரிய கிளிமீன்களை. ஒரு மீட்டருக்கு மேல் நீளம், 40 கிலோவுக்கும் மேல் எடை வரை வளரக்கூடியவை. பவளத்தைக் கடித்து அரைத்து மணலாகக் கழிப்பவை. பல கடல்களில் வேட்டையால் அருகிவிட்டன. இரவில் கப்பலின் இடுக்குகளுக்குள் கூட்டமாகத் தூங்கிவிட்டு, விடியும்போது மேயக் கிளம்பிவிடும். அதனால் அவற்றைப் பார்க்க வேண்டுமானால் ஆறு மணிக்கெல்லாம் தண்ணீரில் இருக்க வேண்டும். வெளிச்சம் இன்னும் சரியாக இறங்காத நேரத்தில், இரும்புச் சட்டங்களுக்கு நடுவிலிருந்து அந்தப் பெரிய தலைகள் ஒவ்வொன்றாக வெளியே வருவதைப் பார்த்தபோது எனக்கு மூச்சை நிதானமாக விட வேண்டும் என்று நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. துரத்தாதீர்கள், டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள். ஒரு பக்கமாக நின்றால் அவையே பக்கத்தில் கடந்து போகும்.

அதிகாலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்பாலியிலிருந்து மூன்று மணி நேரம் வண்டியில் வருகிற பகல்நேரக் கூட்டம் ஒன்பது மணிக்கு மேல் வந்து சேரும். அதன்பிறகு கப்பலில் ஃபின்ஸ் நெரிசல், மணல் கிளறிக் கலங்கல். துலம்பெனிலேயே, அல்லது அரைமணி நேரத் தொலைவில் உள்ள அமெட்டில், ஓர் இரவாவது தங்குங்கள்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: உள்ளே போகலாமா?

லிபர்ட்டியில் மேலே வானமும் பக்கவாட்டில் கடலும் தெரியும்படி அகலமாகத் திறந்த இடங்கள் உண்டு. வழிகாட்டி முன்னே போக, வெளியேறும் வாய் கண்ணுக்குத் தெரிய, அப்படிப்பட்ட வளைவு ஒன்றின் கீழே கடப்பதில் தவறில்லை. நேராக மேலே ஏற முடியாதபடி கூரை மூடிய, இருண்ட அறை எதற்குள்ளும் ஓப்பன் வாட்டர் சான்றிதழோடு தலையை நுழைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. நாம் கற்ற அவசர வழிகள் எல்லாமே மேற்பரப்புக்கு நேராக ஏறலாம் என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டவை. காற்று தீர்ந்தாலும், மாஸ்க் கழன்றாலும், பதற்றம் வந்தாலும், மேலே போகலாம். கூரைக்கு அடியில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரே ஒரு ஃபின் உதை போதும், பல வருடம் படிந்த சேறு எழும்பி வந்த வழியே தெரியாமல் போய்விடும். அறுபது ஆண்டுக்கும் மேலாக உப்புநீரில் அரித்த தகடு எப்போது நழுவும் என்று யாராலும் சொல்ல முடியாது. உள்ளே போவதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறது. கயிறு, இரண்டாவது விளக்கு, மிச்சக் காற்றுக் கணக்கு எல்லாம் அதில் வரும். உங்கள் வழிகாட்டி "வா, ஒண்ணும் ஆகாது" என்று சைகை காட்டினாலும், கையைக் குறுக்கே ஆட்டி மறுத்துவிடுங்கள். டைவில் யாரும் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பது எல்லாப் பள்ளிகளும் சொல்லித்தருவது. இந்தக் கப்பல் தன் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறது. வெளியில் நின்றே உள்ளே பார்க்கலாம்.

காற்றுக் கணக்கை ஒருமுறை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். பாலியில் பொதுவாகக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரின் கொள்ளளவு 11 லிட்டர். 200 பார் அழுத்தத்தில் நிரப்பினால் 2,200 லிட்டர் காற்று. கடைசி 50 பாரைத் தொடக் கூடாது என்றால் கையில் உள்ளது 1,650. புதியவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 15 மீட்டரில் அது இரண்டரை மடங்கு, 50 லிட்டர்: 33 நிமிடம். 8 மீட்டரில் 36 லிட்டர்: 45 நிமிடம். முதலில் ஆழமான பகுதியில் கொஞ்ச நேரம், பிறகு சரிவில் மெல்ல ஏறிக்கொண்டே மீதி நேரம் என்று போனால் இரண்டும் கிடைக்கும். கடைசியில் 5 மீட்டரில் மூன்று நிமிட நிறுத்தம். மற்ற இடங்களில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிற அந்த மூன்று நிமிடம், இங்கே கப்பலின் மேற்புறப் பவளத்தைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

கையைக் கப்பலின்மேல் வைக்காதீர்கள். முனைகள் கூர்மை, கிழிந்தால் உப்புநீரில் நன்றாக எரியும். புறப்படும் முன் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டீர்களா என்று பாருங்கள். அதைவிடப் பெரிய காரணம், நீங்கள் பிடிப்பது இரும்பையல்ல. அது பவளம், அதற்கு உயிர் இருக்கிறது. மென்பவளம் ஒன்று அந்தச் சட்டத்தில் வேர்பிடித்து விரிய எத்தனையோ பருவம் ஆகியிருக்கும்; ஒரு கைப்பிடியில் போய்விடும். தினமும் அத்தனை பேர் இறங்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு கைப்பிடி என்றால் என்ன மிஞ்சும்? ஞாபகத்துக்கு ஒரு துண்டு இரும்பு எடுத்துவர நினைப்பவர்களிடம் நான் கோபமாகவே பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன்.

போர்க்காலக் கப்பல்கள் நாம் நினைப்பதைவிட எளிதில் காணாமல் போகின்றன. 1942 பிப்ரவரியில் ஜாவாக் கடல் போரில் மூழ்கிய டே ரூய்தர், ஜாவா என்ற இரண்டு டச்சுப் போர்க்கப்பல்களைப் பார்க்க 2016இல் ஒரு குழு இறங்கியபோது, கடற்படுகையில் அவற்றின் வடிவத்தில் பள்ளம்தான் இருந்தது. பழைய இரும்புக்காகக் கப்பல்களை முழுசாகவே அள்ளியிருந்தார்கள். நூற்றுக்கணக்கான மாலுமிகளின் கல்லறை அவை. லிபர்ட்டி யாருடைய கல்லறையும் இல்லை. அதைப் பார்த்துக்கொள்ள ஒரு ஊர் இருக்கிறது. அதனால் தப்பித்திருக்கிறது.

நம் பக்கத்துக் கடலிலும் 1942இன் கப்பல்கள் உண்டு. அந்த ஆண்டு ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. 307 பேர் அதோடு போனார்கள். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. தொழில்நுட்ப டைவிங் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. அதே நாளில் மட்டக்களப்புக்கு வடக்கே மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல் சுமார் 24 மீட்டரில் இருக்கிறது. அட்வான்ஸ்டு சான்றிதழ் வாங்கிய பிறகு அங்கே போகலாம். லிபர்ட்டியில் கற்ற பார்வை அந்தக் கப்பலில் கைகொடுக்கும்.

பயண ஏற்பாட்டில் பெரும்பாலான வழிகாட்டி நூல்கள் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. டைவ் முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரமாவது இடைவெளி. ஆனால் மலை ஏறுவதும் விமானம் ஏறுவதும் உடம்புக்கு ஒன்றுதான். துலம்பெனுக்கு வருகிறவர்கள் காலையில் டைவ், மதியம் கிந்தாமணி என்று திட்டம் போடுகிறார்கள். கிந்தாமணி சுமார் 1,500 மீட்டர் உயரம், கொடைக்கானலுக்குப் போகிற வழியில் பாதிக்கு மேல் ஏறினது மாதிரி. காலையில் திசுக்களில் கரைந்த நைட்ரஜன் அங்கே குமிழாக வெளியேறப் பார்க்கும். வாகன ஓட்டிக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. லெம்புயாங் மலைக் கோயிலின் வாசலில் படம் எடுக்கும் ஆசையையும் இதே கணக்கில் சேருங்கள்.

அதனால் மலைகளையும் கோயில்களையும் வந்து இறங்கிய நாட்களிலேயே பார்த்துவிடுங்கள். பிறகு துலம்பென், கடைசியில் ஒரு முழுநாள் கடல்மட்டத்திலேயே ஓய்வு, அதற்குப் பிறகு விமானம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழையும் அலையும் அதிகம், ஓடைகள் மண்ணைக் கொண்டுவந்து தண்ணீரைக் கலக்கிவிடும். ஏப்ரலிலிருந்து நவம்பருக்குள் போவது நல்லது. கூட வருகிறவர்களில் டைவ் தெரியாதவர் இருந்தால் அவருக்கும் பூட்ஸும் ஒரு ஸ்நார்க்கெலும் வாடகைக்கு எடுத்துக் கொடுத்து, நீந்தத் தெரிந்த உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள். நீங்கள் கீழே இருக்கும்போது அவரும் மேலே இருந்து அதே கப்பலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.